சின்னப் பையன்தானே, டைம் குடுங்க

அன்புள்ள டானாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை கிரெக்கும் குட்டி ஓவனும் உலகத்தின் அந்தக் கோடித் தீவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்றுதான் அடுத்த வரியைப் பேனா தானாக எழுதப் பார்க்கிறது, பழக்கதோஷம், இந்த முறை பாதி சுகம் என்று வைத்துக்கொள். ஏரிக் காற்று முகத்தில் அறைகிறது, வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி, லூ மாமா தினமும் வந்து வழித்துத் தள்ளிவிட்டுப் போகிறார், வேண்டாம் என்றால் காது கேட்காத மாதிரி இருந்துவிடுகிறார். கோனி அத்தை கோழி சூப்பாகக் கொண்டுவந்து நிரப்புகிறாள், குளிர்பெட்டியில் பால் வைக்க இடமில்லை. அங்கே இப்போது வெயில் காலமாமே, பிள்ளையைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே, அவனுக்கு உன் அப்பாவின் தோல், சீக்கிரம் சிவந்துபோகும். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் இருப்பது கூடத்தில், உன் அப்பா இருப்பதும் கூடத்தில். அவருக்குப் பேச்சுத்தான் போயிற்றே தவிர காது நன்றாகக் கேட்கிறது, நாம் பேசுவதெல்லாம் புரிகிறது. அவரைப் பற்றி அவர் எதிரிலேயே பேச எனக்கு நா எழவில்லை. அதனால் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன், முடித்ததும் கோனி அத்தை தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவாள். என் கையெழுத்தைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும்.

உன் அப்பாவுக்கும் நம் ஊர் புட்பால் அணிக்கும் உள்ள உறவு உனக்குத் தெரியாததா. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், இவன்தான் பந்தெறியப்போகும் புது குவார்ட்டர்பேக், இனிமேல் ஆட்டமே இவன் கையில் என்பார்கள், அவனும் பந்தை எதிராளியின் கையாகப் பார்த்துப் பார்த்து எறிவான், ஊரே காறித் துப்பும், உன் அப்பா ஒருவர் மட்டும் சின்னப் பையன்தானே, டைம் குடுங்க என்பார். டைம் கொடுத்துக் கொடுத்தே நாங்கள் கிழடுகளாகிவிட்டோம். அந்தப் பையன்களில் ஒருவன் இப்போது அரிசோனாவில் கார் விற்கிறானாம், நன்றாக விற்கிறான் என்று அதற்கும் உன் அப்பாவுக்குப் பெருமை. இந்த மைக்கா டன்லப் ஆர்கன்ஸாவிலிருந்து வந்து இறங்கியபோது மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை, முதல் ஆட்டத்திலேயே பந்தை நாலு தடவை எதிராளிக்குத் தானம் செய்தான். இவனக் கண் டாக்டர்ட்ட காட்டினாங்களா இல்லயா என்று லூ மாமா தலையில் அடித்துக்கொள்கிறார், உன் அப்பாவோ டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, காலப் பாருடா லூ, காலப் பாரு, போன வாரம் பின்னங்கால்ல நின்னு எறிஞ்சான், இப்ப முன்னங்கால ஊன்றான் பாரு, பந்து எங்க போச்சுங்கறது வேற விஷயம் என்கிறார். டேய், பந்து எங்க போச்சுங்கறதுதாண்டா விஷயமே என்று லூ மாமா கத்த, நான் இருவருக்கும் காபி கொண்டுபோய் வைத்தேன். இப்படித்தான் எங்கள் செப்டம்பர் போயிற்று. அந்தப் பையன் நிஜமாகவே தேறிக்கொண்டும் வந்தான், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று உனக்கு நான் முழுக்கச் சொல்லவில்லை, எனக்கே லூ மாமா போன வாரம்தான் சொன்னார். நம் ஊர் மைதான வழக்கம் உனக்குத் தெரியும். எதிராளி கையில் பந்து இருந்தால் தொண்டை கிழியக் கத்தலாம், நம் பையன் கையில் இருந்தால் மூச்சு விடக் கூடாது, அவன் கொடுக்கும் குரல் அவன் ஆட்களுக்குக் கேட்க வேண்டும். அது மைதானத்துக்கு நியாயம். உன் அப்பா அதை நம் வீட்டுக் கூடத்துக்கும் சட்டமாக்கி வைத்திருந்தாரே, நாம் இங்கே தும்மினால் மைக்காவுக்கு அங்கே கை தவறிவிடும் என்பதுபோல. அன்றைக்கு நான் கோஸ் இலையில் கறியை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தேன், பந்து மைக்கா கைக்கு வந்தது, வீடு அடங்கிவிட்டது. அன்றைக்குப் பார்த்து அந்தப் பையன் பந்தை விடவே இல்லை. தன் பக்கத்துக் கோடியில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக, அவசரப்படாமல் நகர்த்திக்கொண்டே போனான், அவன் வந்ததிலிருந்து அப்படி ஒரு ஆட்டம் ஆடியதில்லை என்று மறுநாள் பேப்பரெல்லாம் எழுதின. கூடத்தில் சத்தமே இல்லை. நல்லதாய்ப் போயிற்று, பையன் நன்றாக ஆடுகிறான் போல என்று நான் சந்தோஷமாகச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பந்து கோட்டைத் தாண்டி டச் டவுன், லூ மாமா மட்டும் கத்துகிறார், கூடவே உன் அப்பா குரல் இல்லை. போய்ப் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை தொங்கிக்கொண்டு, மடியெல்லாம் காபி.

லூ மாமா அதை முன்பே பார்த்திருக்கிறார், டானா. வாசற்படியில் பனி வழிக்கும் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார், மார்லீன், காபி மடியில கொட்டுனத நான் பாத்தேன், இவன் துடைக்கல, ஆட்டத்துல மூழ்கிட்டான்னு நெனச்சேன், என்னாச்சுடான்னு கேக்க வாயெடுத்தேன், பந்து பையன் கையில இருக்கே, பேசுனா இவன் என்னக் கொன்னுடுவானேன்னு சும்மா இருந்துட்டேன் என்று. அவரை எப்படிக் குறை சொல்வது, நானும்தானே சமையலறையில் அந்த நிசப்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் இன்னும் கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை லூ மாமாவிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, அந்த மனுஷன் தாங்கமாட்டார்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் பெயரைக் கேட்டாள், இவர் ரொம்பப் பாடுபட்டு வாயைத் திறந்து, தெள்ளத் தெளிவாக, சின்னப் பையன்தானே, டைம் குடுங்க என்றார். நர்ஸ் சிரித்துவிட்டாள், நாங்களும் சிரித்தோம், அப்புறம்தான் தெரிந்தது அவரிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான் என்று. தண்ணீர் வேண்டுமானாலும் அதுதான், முதுகு அரித்தாலும் அதுதான், என்னைக் கூப்பிடுவதும் அதுதான். ஃபாதர் ஸ்டான் வீட்டுக்கு வந்து நற்கருணையை நீட்டியபோது அவருக்கும் அதையே சொன்னார், எண்பதை நெருங்கும் சாமியார், என்னச் சின்னப் பையன்னு சொல்ல நீ ஒருத்தனாவது இருக்கியே எர்னி என்று சிரித்துக்கொண்டே ஆசீர்வதித்துவிட்டுப் போனார். பேச்சுப் பயிற்சிக்கு வருகிறாளே கைலா, அந்தப் பெண் எனக்கு விளக்கிச் சொன்னாள், இது அவர் யோசிச்சுச் சொல்றது இல்லம்மா, பாட்டு மாதிரி தானா வருது, ஆனா இது ஒரு நூல்முனை, இதப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு சொல்லா வெளிய எடுக்கலாம், பேச வச்சுக்கிட்டே இருங்க, இதையும் விட்டுட்டார்னா அப்புறம் ரொம்பக் கஷ்டம் என்று. நாங்களும் விடவில்லை. ஒருநாள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி டைம் என்று மட்டும் தனியாகச் சொன்னார், கைலா கைதட்டினாள், நான் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன். அன்றைக்கு ஓவன் தான் வரைந்த படத்தைக் கோனி அத்தையின் போனில் தலைகீழாகக் காட்டியபோது தாத்தா சின்னப் பையன்தானே என்றாரே, அதைவிடப் பொருத்தமாக யார் சொல்லியிருக்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவர் சொல்ல நினைப்பதும் அவர் வாயில் வருவதும் ஒன்றாக இருந்தன. அந்த ஒரு நாள் மட்டும் அவர் பழைய எர்னி ஹுடாக். மைக்கா பந்தைத் தவறவிடுவான், லூ மாமா திட்டுவார், இவர் சின்னப் பையன்தானே என்பார், லூ மாமா போடா நீயும் உன் பையனும் என்பார், இவர் இன்னும் பலமாக டைம் குடுங்க என்பார். யாராவது வாசலில் நின்று கேட்டிருந்தால் இந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நான் இத்தனை வருடம் கரித்துக்கொட்டிய அந்த ஆட்டத்துக்கு, அந்த முகம் தெரியாத பையனுக்கு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன் என்றால் நீயே பார்த்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனை இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து மோதினார்கள். முழங்கால் அது போகக் கூடாத பக்கமாகப் போயிற்று. வண்டியில் தூக்கிப் போட்டு வெளியே கொண்டுபோனார்கள், துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். டிவியில் அதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள், லூ மாமா நிறுத்தப் போனார், உன் அப்பா இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கடைசிவரை பார்த்தார். நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம், இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று. சொல்லவில்லை. லூ மாமாதான் பொறுக்கமாட்டாமல், சின்னப் பையன்தானே எர்னி, காலு கூடிடும்டா, டைம் குடுப்போம் என்றார். உன் அப்பா அவரைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினார். டானா, எத்தனை பையன்கள் வந்து போயிருக்கிறார்கள், ஒருவனுக்காவது உன் அப்பா இல்லை என்று தலையாட்டி நான் பார்த்ததில்லை.

அதிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் வேண்டுமானால் தம்ளரைப் பார்க்கிறார். கைலா அட்டைகளைக் காட்டினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். பேப்பரில் மைக்காவுக்கு ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று வந்ததை நான் இரண்டு தடவை படித்துக் காட்டினேன், கண்ணை மூடிக்கொண்டார். இது பிடிவாதமா, நிஜமாகவே போய்விட்டதா என்று கைலாவுக்கே சொல்லத் தெரியவில்லை. பேச்சு இனி வராமலே இருந்தால் என்ன செய்வது என்று கேட்டதற்கு அவள் என் தோளைத் தொட்டாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கிளம்பி வரட்டுமா என்று கேட்டாய். வா என்றால் பிள்ளையையும் வேலையையும் போட்டுவிட்டு ஓடிவருவாய், வந்து என்ன செய்வாய், என்னைப் போலவே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். வராதே என்று சொல்லவும் மனசு வரவில்லை.

ஆனால் நேற்று துணி மடிக்கும்போது ஒன்று தோன்றியது. அந்த வாக்கியம் ஒரு தடவைகூடச் சும்மா வந்ததில்லை, அந்தப் பையன்களை யாராவது திட்டும்போதுதான் உன் அப்பாவுக்கு அது பொங்கிக்கொண்டு வரும். இப்போது யார் திட்டுகிறார்கள்? கால் ஒடிந்த பையனைத் திட்ட யாருக்கு மனசு வரும். ரேடியோவில் தினமும் வாய் கிழியக் கத்துகிறவன்கூட அவனுக்காக ஜெபம் பண்ணச் சொல்கிறான். ஊரே இரக்கப்படுகிறது, இரக்கத்துக்குப் பதில் சொல்ல உன் அப்பாவிடம் வார்த்தை இல்லை. மைக்காவைத் திட்டும்படி லூ மாமாவிடம் சொன்னேன், வாயைத் திறந்தார், அப்படியே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நானே போய் எதிரில் நின்று, அந்த மைக்கா ஒண்ணுக்கும் உதவாத பய, போனதே நல்லது என்றேன், பாதியிலேயே அழுதுவிட்டேன், அவர் என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார், அவ்வளவுதான். என் திட்டை அவர் நம்பவில்லை. உன்னுடையதை நம்புவார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நீ அவர் கொண்டாடிய பையன்களை ஒருவன் விடாமல் கிழித்துத் தோரணம் கட்டுவாயே, அப்பாவும் பெண்ணும் சாப்பாட்டு மேசையில் கத்துகிற கத்தலில் நான் எத்தனை நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போயிருக்கிறேன். உன் வாய் அந்தத் தீவில் போய்ச் சாதுவாகியிருக்காது என்று நம்புகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கியதும் கூப்பிடு, உனக்கு அது திங்கட்கிழமை விடியற்காலை. எப்படி இருக்கீங்கப்பா என்று ஆரம்பிக்காதே. எடுத்த எடுப்பிலேயே மைக்காவில் ஆரம்பி, வாய்க்கு வந்தபடி பேசு, பாவம் புண்ணியம் பார்க்காதே, அந்தப் பையனிடம் உன் சார்பில் நான் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். போனை அவர் இடது காதில் நானே வைத்துப் பிடித்துக்கொண்டிருப்பேன். அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் உடனே விட்டுவிடாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளைக்கு எங்கள் விசாரிப்பைச் சொல், ஓவனுக்கு என் முத்தம், மாதா உங்கள் மூவருக்கும் துணையிருப்பாள். மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை. முன்னாடியே அழுது தீர்த்துவிட்டுக் கூப்பிடு, அவரிடம் பேசும்போது அழாமல் திட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா
மார்லீன்