தீபாவளிக்கும் நிக்காத கை

ஏனுங்க மாமா,

நம்ம பொண்ணு தேஜஸ்ரீ கை வீங்கினதும் பயந்துக்கிட்டு வெள்ளகோவில்ல உங்கக்கா ஊட்டுக்குப் போயி, போனையும் எடுக்காம உக்காந்துட்டா எப்படீங்க? அதனாலதான் கடுதாசி. பயப்படாதீங்க, முழங்கை ஜவ்வு கிழியலியாம். ஆபரேசன் வேண்டாமாம்.

இவளாட்டம் பேஸ்பால்ல பந்து எறியற புள்ளைங்களுக்கு இப்பெல்லாம் ஏன் இப்படிக் கை போகுதுன்னு டாக்டரைக் கேட்டேன். ஒவ்வொரு பந்தையும் முழு வேகத்துல, வருசம் பூரா ரெஸ்ட்டே இல்லாம எறியறதாலயாம். தீபாவளிக்கு நம்ம பனியன் கம்பெனில நிட்டிங் மெஷினையெல்லாம் நிறுத்துனீங்க. அன்னைக்கும் பந்தோட ஸ்பீடு பாக்கற மெஷினும் கையுமா நின்னு அவளை எறிய வெச்சீங்க.

போகட்டும். இன்னைக்குக் காலைல கையை மடக்கி அவளே சடை பின்னிக்கிட்டா. பின்னி முடிச்சுட்டு, "அப்பா எப்பம்மா வருவாங்க?"ன்னு கேட்டா.

வாங்க. கையோட தூக்கிட்டுப் போனீங்களே, அந்த ஸ்பீடு மெஷினை மட்டும் அங்கேயே உட்டுட்டு வாங்க.

இன்னும் கோவம் தீராத
உங்க ஊட்டுக்காரி