ஸ்டேஷன் வாசலில் ஓடும் என் பந்தயக் கார்

அனுப்புநர்:
நஜ்முன்னிசா,
க/பெ. சைபுல்லா,
பள்ளிவாசல் தெரு,
லப்பைக்குடிக்காடு,
பெரம்பலூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: எனது ரிமோட் பந்தயக் காரை வயர்லெஸ் என்று சொல்லி எடுத்துச் சென்ற சப்-இன்ஸ்பெக்டரிடமிருந்து, 15-3-1987 பந்தயத்திற்கு முன் மீட்டுத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவரும் சில ஆண்டுகள் ஷார்ஜாவில் இருந்தோம். அவர் வேலை பார்க்கும் கடையில் ரிமோட் கார்கள் விற்கிறார்கள். கையில் உள்ள பெட்டியின் குச்சிகளை அசைத்தால் தூரத்தில் கார் ஓடும். வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே இதற்குப் பந்தயம் உண்டு. கணவர் காரின் பாகங்களைப் பூட்டிக் கொடுப்பார், நான் ஓட்டுவேன். ஜெயித்தும் இருக்கிறேன்.

2. சென்ற ஆண்டு ஊர் திரும்பியபோது மற்றவர்கள் நகை கொண்டு வந்தார்கள், நான் கார் கொண்டு வந்தேன். உறவுக்காரர்கள் இன்றுவரை சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். காருக்கு ஒரு விலை, ஓட்டும் பெட்டிக்குத் தனி விலை, பேட்டரிக்கும் சார்ஜருக்கும் தனி. விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் இதை ஆடம்பர விளையாட்டுப் பொருள் என்று சொல்லி, கார் விலைக்கு மேல் தீர்வை வாங்கினார்கள். ஊரில் வோல்டேஜ் ஏறி இறங்கியதில் சார்ஜர் புகைந்து போய், வேறு வரவழைத்தேன். டயர் தேய்ந்தால் ஷார்ஜாவிலிருந்து வருகிற யாராவது கொண்டு வர வேண்டும். இவ்வளவு செலவழித்தும் இந்த நாட்டில் இன்னும் ஒரு பந்தயம்கூட ஓடவில்லை. வருகிற 15ஆம் தேதி சென்னையில் நடப்பதுதான் முதலாவது. அதற்கும் மணியார்டரில் பணம் கட்டிவிட்டேன். திருப்பித் தர மாட்டார்கள்.

3. பழகுவதற்கு என் மாமு ரஹ்மத்துல்லா தம் அரிசி ஆலையில் நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தைத் தந்தார். சாயங்காலம் நெல்லை அள்ளிய பிறகு மூலைக்கொரு தவிட்டு மூட்டை வைத்துச் சுற்றி ஓட்டுவேன். பெட்டியில் ஏரியல் கம்பி நீட்டியிருப்பதைப் பார்த்து எந்தப் புண்ணியவானோ, நான் வெளிநாட்டுக்குச் சேதி அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். எங்கள் பகுதி சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து காரையும் பெட்டியையும் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு போனார். ரசீது தரவில்லை. லைசென்ஸ் எங்கே என்றார். முன்பு ரேடியோவுக்கு லைசென்ஸ் கொடுத்த தபால் ஆபீஸில் கேட்டால் பொம்மைக் காருக்கு லைசென்ஸா என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள்.

4. ஐயா, சுங்கத்துக்கு இது விளையாட்டுப் பொருள், போலீசுக்கு வயர்லெஸ். இரண்டும் ஒரே அரசாங்கம்தானே? விளையாட்டுப் பொருள் என்றால் காரைக் கொடுங்கள். வயர்லெஸ் என்றால் ஆடம்பரத் தீர்வையைக் கொடுங்கள். இரண்டையும் வைத்துக்கொள்வது என்ன நியாயம்?

5. நான் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. கடைசியாகப் போனபோது சப்-இன்ஸ்பெக்டர், "ஏம்மா, பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்? வூட்டுக்காரர் வந்தா கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போகச் சொல்லு" என்றார். என் கணவர் மறுபடியும் ஷார்ஜா போய்விட்டார், அடுத்த வருடம்தான் லீவு. ஓட்டுவது நான் என்று சொன்னதற்கு அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

6. அதையும் பொறுத்துக்கொண்டேன். சென்ற வெள்ளிக்கிழமை அந்த வழியாகப் போனபோது கண்டதைப் பொறுக்க முடியவில்லை. வழக்குச் சொத்து என்று அவர் சொன்ன என் கார் ஸ்டேஷன் வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி சப்-இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது. கார் நம்மைப் பார்த்து வரும்போது குச்சியை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும், இது முதல் நாள் பாடம். அது தெரியாமல் மறுபடி மறுபடி வேப்பமரத்தில் முட்டவிட்டார். வயிறு எரிகிறது ஐயா. முன் சக்கரம் ஏற்கெனவே கோணிப்போயிருக்கிறது.

7. ஆகவே பந்தயத்திற்கு முன் என் காரை என்னிடமே ஒப்படைக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அது என்னுடையதுதானா என்று இன்னும் சந்தேகம் இருந்தால் தங்கள் அதிகாரி ஒருவரை அனுப்பி வையுங்கள். அதே வாசலில், அதே வேப்பமரத்தைச் சுற்றி, முதலில் சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் ஓட்டட்டும். பிறகு நான் ஓட்டுகிறேன், கோணல் சக்கரத்தோடேயே. மரத்தில் முட்டாமல் சுற்றி வருபவருக்கே கார் சொந்தம் என்று எழுதிக்கொள்ளட்டும். அதற்கு என் வீட்டுக்காரர் கையெழுத்து தேவைப்படாது.

இடம்: லப்பைக்குடிக்காடு
நாள்: 2-3-1987

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்) நஜ்முன்னிசா

இணைப்பு: சுங்கத் தீர்வை ரசீதின் நகல்.