பின்வரிசையில் கேட்கிற சத்தம்

அன்பு மகன் மஹ்ரூஸுக்கு, தசூக்கிலிருந்து உன் அப்பா அப்துஸ் ஸபூர் ஸலாம் சொல்லி எழுதச் சொன்னது. ஆண்டவன் கிருபையில் நானும் உன் அம்மாவும் நம் பீஜோ வண்டியும் நலம், மூவருக்கும் முட்டியில்தான் கொஞ்சம் வலி. நீயும் நீ இருக்கிற இடத்தில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். அந்த இடம் எது என்பதில்தான் எனக்கு இப்போது பெரிய குழப்பம், அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். எப்போதும் கேசட்டில் பேசி, உனக்கும் எங்களுக்கும் நடுவே போய்வருகிற ஷாபான் கையில் கொடுத்தனுப்புகிற மனுஷன் இன்றைக்கு ஏன் காகிதத்துக்கு வந்தான் என்று யோசிப்பாய். கேசட்டில் பேச உட்கார்ந்தால் உன் அத்தை, எதிர்வீட்டுப் பெண்கள் எல்லோரும் வண்டிக்குள் ஏறிக்கொள்கிறார்கள், ஆளுக்கொரு ஸலாம் சொல்வதற்குள் ஒரு பக்கம் ஓடி முடிந்துவிடுகிறது. இது அப்படி ஊர்க் காதில் போடுகிற விஷயம் இல்லை. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும், அதனால் பள்ளிக்கூட ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற அதீலா அம்மாவை வரவழைத்துச் சொல்லிக்கொண்டு வருகிறேன். அவள் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போகாது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உன் அம்மா வண்டியில் எங்கே உட்காருவாள் என்று உனக்கு மறந்திருக்காது. நான் அலெக்ஸாந்திரியா தடத்தில் ஆள் ஏற்றி ஓட்டின காலத்தில் காசு கொடுத்தவனுக்கு முன்வரிசையும் நடுவரிசையும், டிரைவர் வீட்டு ஆளுக்குக் கடைசி வரிசை, அதுவும் இடம் மிஞ்சினால். இப்போது நான் ஆளும் ஏற்றுவதில்லை, தடமும் ஓடுவதில்லை, வண்டி வாசலில்தான் நிற்கிறது, ஆனாலும் அவள் கடைசி வரிசையை விட்டு முன்னால் வரமாட்டேன் என்கிறாள். முன்னாடி வா நஃபூசா, மகன் பேசறது நல்லா கேக்கும் என்றால், முன்னாடி உக்கார நான் என்ன வாடகைக்கு வந்தவளா மஹ்ரூஸ் அப்பா என்கிறாள். நீ போகுமுன் உன் கையால் மாட்டிக் கொடுத்த டேப் வண்டியின் முகப்பில் இருக்கிறது, ஸ்பீக்கர் இரண்டும் முன்கதவின் அடியில், என் முழங்காலுக்கு நேரே. உன் கேசட் வந்தால் என் முழங்கால் கேட்கிறது, பெற்றவள் கேட்பதில்லை. என்ன சொன்னான், இப்ப என்ன சொன்னான் என்று அவள் பின்னாலிருந்து கேட்க, நான் திரும்பித் திரும்பிச் சொல்லி எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அதனால் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் வைத்துவிடுவது என்று முடிவு பண்ணினேன்.

புது ஸ்பீக்கர் வாங்குகிற நிலைமையில் நான் இல்லை, அதற்கு அவசியமும் இல்லை. உன் அத்தை வீட்டில் படம் செத்துப்போன டெலிவிஷன் ஒன்று கோழி அடையும் இடமாகக் கிடந்தது, அதிலிருந்து ஒன்று. சவ்வு கிழிந்த இன்னொன்றை ரேடியோ ரிப்பேர் பிஷாரா சும்மா கொடுத்தான், முட்டை வெள்ளைக்கருவும் சிகரெட் தாளும் வைத்து ஒட்டினேன், இன்றைக்கு வரை நிற்கிறது. இந்த நீள வண்டியில் பின்கண்ணாடிக்குக் கீழே பலகை கிடையாதே, எங்கே பொருத்துவது? இரண்டு நெய் டின்னை வாய் அகலமாக வெட்டி, ஸ்பீக்கரை உள்ளே இறக்கி, பின்சக்கரத்து மேட்டில் பக்கத்துக்கொன்றாக முடுக்கிவிட்டேன். உன் அம்மா பார்த்துவிட்டு, மகன் குரல் இனி நெய் மணக்குமா என்றாள். வயர்தான் பற்றவில்லை. எதிர்வீட்டுக் கல்யாணத்தில் தொங்கின விளக்குச்சரத்திலிருந்து கழற்றின வயர் கொஞ்சம் இருந்தது. ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு வயர் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் முன்னாலிருந்து பின்னால் வரை விரிப்புக்கு அடியில் இரண்டு வயர்தான் எட்டியது. முன்னால் வலது ஸ்பீக்கர் தலையிலிருந்து ஒன்று, இடது தலையிலிருந்து ஒன்று எடுத்துப் பின்னால் கொண்டுபோய் டின்னுக்கு ஒன்றாக மாட்டி, டின் ஸ்பீக்கர்களில் மிச்சமிருந்த இரண்டு வாலையும் ஒன்றோடொன்று முடிந்துவிட்டேன். மின்சாரம் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தால் சரிதானே என்று நினைத்தேன். முப்பது வருஷம் இந்த வண்டியை நானே பிரித்து நானே மாட்டினவன், யாரைப் போய்க் கேட்பேன்.

முதலில் பாட்டுக் கேசட் போட்டேன். முன்னால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பின்னால் இருந்து உன் அம்மா, மேளம் கேக்குது, பிடில் கேக்குது, பாடறவளைக் காணோமே என்கிறாள். நான் எழுந்துபோய்ப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் வாஸ்தவம்தான், பாட்டுக்காரி முன்சீட்டில் இறங்கிவிட்டாள், மேளக்காரர்கள் மட்டும் பின்சீட்டில் வாசித்துக்கொண்டு வருகிறார்கள். உன் பழைய கேசட் ஒன்றைப் போட்டேன், பின்னால் பேச்சும் இல்லை மூச்சும் இல்லை, காய்ந்த டின். சரி, வேலை கெட்டுப்போச்சு என்று விட்டிருப்பேன். அந்த வாரம்தான் ஷாபான் உன் புதுக் கேசட்டைக் கொண்டுவந்தான், புதுப் பெட்டியில பேசறேன் அப்பா, ரெண்டு பக்கமும் மைக் வச்ச பெட்டி என்று நீ ஆரம்பத்தில் சொல்கிறாயே, அது.

அதைப் போட்டுவிட்டு நான் முன்னால் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ சொல்கிறாய், எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்காசிக்கு வெளியே ஒரு கட்டடத்தில் காவலாக இருக்கிறேன், சுற்றி ஈ காக்கா கிடையாது, ஜன்னலைத் திறந்தால் மணல்தான், நிம்மதியாக இருக்கிறேன் என்று. நான் அல்ஹம்துலில்லாஹ் என்கிறேன். பின்னாலிருந்து உன் அம்மா, எதுக்கு அல்ஹம்துலில்லாஹ், ஃப்ரெஸ்கா வாங்கவா என்கிறாள். என்னடி ஃப்ரெஸ்கா? ஃப்ரெஸ்காக்காரன் கூவறானே, காதுல விழலையா என்கிறாள். உனக்கு வயசாயிடுச்சு என்றேன் நான். உனக்கு ஆகலையா, வந்து உக்காந்து கேளு என்றாள். மறுபடி சுற்றிவிட்டுப் பின்னால் போய் அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மஹ்ரூஸ், உன் குரலே இல்லை. கிணற்றுக்கடியில் யாரோ முனகுகிற மாதிரி ஏதோ ஒரு இழை, அவ்வளவுதான். ஆனால் அலெக்ஸாந்திரியா கடற்கரையில் கண்ணாடிப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தேன் தடவின மெல்லிசுத் தட்டை விற்பானே, அவன் குரல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிறது, ஃப்ரெஸ்காஆஆ என்று. நீ சின்னவனாக இருந்தபோது ஒன்று தின்றுவிட்டு இன்னொன்றுக்கு மணலில் புரண்டாயே, அதே இழுவை. அவன் குரல் தேய்ந்ததும் ஒரு குழல் ஊதுகிறது, பிறகு இரும்பு கிறீச்சிடுகிறது.

பிஷாராவைக் கூட்டிவந்து காட்டினேன். அவன் வயரைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தான். டிரைவர் உஸ்தா, உங்க வயர் முடிச்சுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வர்ற சத்தம் ஒண்ணை ஒண்ணு தின்னுடுது, ஒரு பக்கமா வர்றது மட்டும் மிஞ்சுது என்றான். அவன் சொன்னது முழுக்க எனக்குப் பிடிபடவில்லை, பிடிபட்டதைச் சொல்கிறேன். பெட்டிக்கு நேர் எதிரே நடுவில் உட்கார்ந்து பேசுகிறவன் குரல் இரண்டு மைக்கிலும் சமமாக விழுமாம், அது பின்னால் கேட்காதாம். ஜன்னல் பக்கமிருந்து வருகிற சின்னச் சத்தம் ஒரு மைக்கில் கூடுதலாக விழுமாம், முன்னால் உன் பேச்சுக்கு அடியில் அமுங்கிக் கிடப்பது பின்னால் தனியாக எழுந்து நிற்குமாம். உன் பழைய பெட்டிக்கு ஒரே மைக், அதனால்தான் டின் காய்ந்ததாம். அப்போ அந்த ஃப்ரெஸ்காக்காரன் நிஜமா கேசட்டுலதான் இருக்கானா என்று கேட்டேன். உங்க மகன் எவ்வளவு நிஜமோ அவனும் அவ்வளவு நிஜம் என்றான். எனக்குத் தலை சுற்றியது. முன்சீட்டில் உட்கார்ந்தால் மகன் பெங்காசியில் இருக்கிறான், பின்சீட்டுக்குப் போனால் அலெக்ஸாந்திரியாவில் இருக்கிறான். வண்டி மட்டும் தசூக்கில்.

நான் என்னால் ஆனமட்டும் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பெங்காசியிலும் கடல் இருக்கிறது, நம் ஊர்க்காரன் ஒருவன் அங்கே போய் ஃப்ரெஸ்கா விற்கக் கூடாதா என்றேன். மணல்ல ஈ காக்கா இல்லாத இடத்துல யாருக்கு விப்பான் என்றாள் உன் அம்மா. ரேடியோ நாடகம் ஓடியிருக்கும் என்றேன். அவள் கேசட்டை மறுபடி சுற்றச் சொன்னாள். ஆனால் மகனே, அந்தக் குழலுக்கு நான் என்ன சமாதானம் சொல்வேன்? நடத்துநர் ட்ராமைக் கிளப்ப ஊதுகிற குழல் அது. அலெக்ஸாந்திரியாவில், ஷாத்பியில் தண்டவாளம் திரும்புகிற இடத்தில் சக்கரம் எப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியும், ஆள் சேரக் காத்துக்கொண்டு எத்தனை மத்தியானம் அங்கே வெயிலில் படுத்திருக்கிறேன். ஷாத்பி இல்லாவிட்டால் அதற்கு அடுத்த நிறுத்தம், அதைத் தாண்டி இருக்காது. ஷாபானைக் கூப்பிட்டு டீ கொடுத்து, பெங்காசியில ட்ராம் இருக்காடா என்று கேட்டேன். அவனுக்குப் புரையேறிவிட்டது. இருக்கு மாமா, போன மாசம்தான் போட்டாங்க என்றான். நடத்துநர் குழல் ஊதறாரா என்றேன். ஊதறாங்க மாமா, நம்ம ஊரைப் பாத்துத்தான் அவங்களும் கத்துக்கிட்டாங்க என்றான். பாதி டீயை வைத்துவிட்டு, என் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவனுடையது இன்னும் இங்கேதான் கிடக்கிறது, காலுக்குச் சின்னது.

நான் யாரையும் திட்டுவதற்காக இதை எழுதச் சொல்லவில்லை. எனக்கு எது உண்மை என்று இன்னும் தெரியவில்லை, ஒரு நாள் முன்சீட்டை நம்புகிறேன், ஒரு நாள் பின்சீட்டை. நீ புறப்பட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சந்து முழுக்க மேளம், நீ நம் வண்டியின் பின்கதவுப் படியில் ஏறி நின்று, அடுத்த தடவை வரும்போது என் சொந்த வண்டியில வருவேன், பாத்துக்கிட்டே இருங்க என்று கத்தினாய், நீலச் சட்டை, மேல் பொத்தான் இல்லை. அன்றைக்குக் கைதட்டினவர்களில் பாதிப்பேர் யார் புறப்பட்டார்கள் என்பதையே மறந்துபோனார்கள், மீதிப்பேர் அவரவர் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சை இன்னும் ஞாபகம் வைத்திருப்பது நான் ஒருவன்தான், என் ஞாபகம் அப்படி, நான் என்ன செய்ய. என்னைத் தவிர வேறு யாருக்கும் நீ கணக்குச் சொல்ல வேண்டியதில்லை, நான் கேட்கப்போவதும் இல்லை.

வயரைச் சரியாக மாற்றித் தருகிறேன் என்று பிஷாரா சொன்னான், இன்னும் கொஞ்சம் வயர் கொண்டுவந்தும் வைத்தான். உன் அம்மா டின்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், தொடாதே என்கிறாள். உன் குரல் அவளுக்குக் கேட்க வேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்தேன் என்றால், அவன் சொல்றதை நீ கேளு, அவன் எங்க இருக்கான்னு நான் கேட்டுக்கறேன் என்கிறாள். மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு தனியாகப் போய் அந்த ஃப்ரெஸ்காக்காரனைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நேற்று, அவன் கூவி முடிச்சதும் என் பிள்ளை ஒரு வாட்டி இருமறான் என்றாள். நானும் கேட்டேன். இருமலா, தண்டவாளமா, சொல்லத் தெரியவில்லை. கடல் ஈரத்தில் சட்டையில்லாமல் படுக்காதே, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. இது எந்தக் கடலாக இருந்தாலும் பொருந்தும்.

ஆகவே இப்படிச் செய்வதாக இருக்கிறோம். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஷாத்பி நிறுத்தத்தில், ட்ராம் திரும்புகிற இடத்தில், நம் வண்டி நிற்கும். சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் நிற்கும். அதன் ஹாரன் உனக்குத் தெரியும், இன்னும் அதே தொண்டைக்கட்டுதான். நீ பெங்காசியில் இருந்தால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, பாவம் உன் அம்மாவுக்குக் கடல் காற்று வாங்கிக் கொடுத்ததாகவும் ஒரு ஃப்ரெஸ்கா வாங்கிக் கொடுத்ததாகவும் போகட்டும், நாங்கள் பாட்டுக்குத் திரும்பிவிடுவோம், அடுத்த கேசட்டில் எப்போதும்போல ஸலாம் சொல்லுவோம். நேற்று மாலை ஷாபானைப் பிடித்து, பெங்காசிக்குக் கடிதம் போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று கேட்டேன். ஒரு மாசம் ஆகும் மாமா என்றான். வெள்ளிக்கிழமைக்குள்ள சேருமா என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே, சேரும் மாமா என்றான்.

வந்தால் முன்னால் என் பக்கத்திலும் வேண்டாம், நடுவரிசையும் வேண்டாம், பின்கதவைத் திறந்து கடைசி வரிசையில் அவள் பக்கத்தில் ஏறு. முழங்காலை நெய் டின் இடிக்கும், கொஞ்சம் சாய்ந்து உட்கார். பிள்ளை பக்கத்துல உக்காந்து பேசினா எனக்கு எதுக்கு வயர் என்கிறாள் அவள்.

எழுதிக்கொண்டிருக்கும் அதீலா அம்மாவும் உனக்கு ஸலாம் சொல்கிறாள், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கிறாள், ஜலதோஷமாம். காக்கப்பட்டவன் என்கிற உன் பெயருக்கேற்றபடி ஆண்டவன் உன்னைக் காத்துக்கொள்ளட்டும், உன் வழியை நேராக்கட்டும், உன் வாசலை எங்களுக்குக் காட்டட்டும். மறக்காதே, வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு. ஷாபானின் செருப்பை இத்துடன் கொடுத்தனுப்புகிறேன், என்னுடையதை நீ வரும்போது வாங்கிக்கொண்டு வா.

கையெழுத்துக்குப் பதில் என் பித்தளை முத்திரையை மையில் தோய்த்து வைத்திருக்கிறேன், கொஞ்சம் சாய்ந்துவிட்டது, என்னுடையதுதான்.

உன் அப்பா,
உஸ்தா அப்துஸ் ஸபூர், தசூக்