என் சீட்டில் நாகவள்ளி

ஜூன் 3, செவ்வாய்

விசா மையத்திலிருந்து பாஸ்போர்ட்டுகள் வந்தன. ஹிஃப்ஸாவுக்கு இத்தாலி விசா கிடைத்துவிட்டது. எனக்கு இல்லை.

ஒரே பள்ளிக்கூடம், ஒரே சம்பளம், ஒரே ஃபிளாட். பக்கத்துப் பக்கத்து கவுன்டரில் நின்று விரல் ரேகை வைத்தோம். "பயணத்தின் நோக்கம் நம்பும்படியாக இல்லை" என்ற கட்டத்தில் எனக்கு மட்டும் டிக் அடித்திருக்கிறார்கள். ரயிலில் போவதுதான் நோக்கம். ரோமில் ஏறி பிளாரன்ஸில் இறங்கி, ஒரு நாள் லூக்காவுக்குப் போய் வந்து, கடைசியில் கடல்மேல் போட்ட பாலத்தில் ஓடி வெனிஸ். ஷார்ஜா டிராஃபிக்கில் எட்டு வருஷமாக ஸ்கூல் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பவளுக்கு ரயில் ஆசை வருவதில் என்ன நம்ப முடியவில்லை இவர்களுக்கு?

ஹிஃப்ஸா என் முகத்தைப் பார்க்காமல், "நானும் போகலடி" என்றாள்.

"லூசா நீ? போயிட்டு வா" என்றேன். இன்னொரு தடவை மறுப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

மறுக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

தனியாகப் போகக் கூடாது என்று கீழக்கரையிலிருந்து அவள் வாப்பா சொல்லிவிட்டார். எழுத வெட்கமாக இருக்கிறது, எனக்கு உள்ளே ஒரு சின்ன சந்தோஷம்.

சாயங்காலத்துக்குள் அதுவும் போயிற்று. ஆள் கிடைத்துவிட்டது. நாகவள்ளி. ஜனவரியில் தமிழ் டீச்சராகச் சேர்ந்த பெண். ஜெர்மனியில் இருக்கும் அண்ணனைப் பார்க்க வாங்கிய விசா அவளுக்கு இன்னும் செல்லுமாம், இத்தாலிக்கும் அதுவே போதுமாம். அந்தப் பெண்ணுக்கு ரயிலும் தெரியாது, இத்தாலியும் தெரியாது. விசா மட்டும் இருக்கிறது.

ஜூன் 14, சனி

ரயில் டிக்கெட்டில் என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போட வேண்டும். எல்லா டிக்கெட்டும் நான் போட்டதால் நானே மாற்றிக் கொடுத்தேன். ரோமிலிருந்து பிளாரன்ஸ், ஜன்னலோரம். சந்தியாவை அழித்தேன். நாகவள்ளி என்று அடித்தேன். ஸ்பெல்லிங் சரியா என்று போன் செய்து வேறு கேட்டேன்.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றாள். குரலில் அப்படி ஒரு குழைவு. பிடிக்கவில்லை.

ஜூலை 5, சனி

ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தேன். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. வெளியே வெயில், நெருப்பு.

ஜூலை 7, திங்கள்

போட்டோ வந்துகொண்டே இருக்கிறது. ரோம் ஸ்டேஷனில் இருவரும். காபிக் கடையில் இருவரும். ரயிலில் நாகவள்ளி ஜன்னலில் கன்னத்தை வைத்துக்கொண்டு தூங்குகிறாள். தூங்குகிறாள்! வெளியே மலையும் திராட்சைத் தோட்டமும் ஓட, அந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தியால் தூங்க முடியுமா?

"சூப்பர்" என்று பதில் போட்டேன். மூன்று இதயம்.

ஜூலை 8, செவ்வாய்

ஊருக்கும் போகவில்லை, இத்தாலிக்கு என்று வைத்திருந்த லீவு இது. சும்மா துபாய்க்குப் போய் மெட்ரோவில் ஏறி, கடைசி ஸ்டேஷன் வரை போய், இறங்காமலே திரும்பி வந்தேன். பெண்கள் பெட்டியில் எதிரே இருந்த பிலிப்பினோ அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

இத்தாலி ரயில் செய்திகளைப் பார்ப்பதை இன்னும் விடவில்லை. எதற்குப் பார்க்கிறேன்? வெள்ளிக்கிழமை ரயில்வே ஸ்டிரைக்காம். காலையிலும் சாயங்காலமும் கொஞ்சம் ஓடும். நடுவில் உத்தரவாதம் இல்லை. வெள்ளிக்கிழமைதான் இவர்கள் லூக்கா போகிற நாள்.

உடனே ஹிஃப்ஸாவுக்கு டைப் செய்தேன். அனுப்பப் போகும்போது அவளிடமிருந்து ஒரு போட்டோ. ஏதோ பாலத்தில் நாகவள்ளி மட்டும். கழுத்தில் மஞ்சள் துப்பட்டா. போன பெருநாளுக்கு நான் ஹிஃப்ஸாவுக்கு வாங்கிக் கொடுத்தது.

டைப் செய்ததை அழித்துவிட்டேன்.

ஸ்டேஷனில் எழுதிப் போட்டிருக்க மாட்டார்களா? படிக்கத் தெரியாதா இரண்டு பேருக்கும்? ஒரே ஒரு நாள் கெட்டுப்போகட்டும். ஒரு நாள்தானே.

ஜூலை 11, வெள்ளி

எழுதினாத்தான் மனசு நிக்கும் போல.

மத்தியானம் போட்டிம் ஆப்பில் ஹிஃப்ஸா நம்பரிலிருந்து கால். எடுத்தால் நாகவள்ளி. அழுகை.

"அக்கா, ஹிஃப்ஸாக்கா என்கூட இல்லக்கா. லூக்காலயே விட்டுட்டேன்."

திரும்பி வரும் ரயில்கள் எல்லாம் ரத்தாம். கடைசியில் ஒன்று வந்திருக்கிறது. கூட்டம் இவளைத் தள்ளி உள்ளே ஏற்றிவிட்டது. ஏறுமுன் டிக்கெட்டில் முத்திரை குத்த வேண்டுமாம், ஹிஃப்ஸா அந்த மெஷினுக்குப் போயிருக்கிறாள். கதவு மூடிவிட்டது. அந்த ரயிலும் பாதி வழியில், பிஸ்தோயா என்ற ஊரில், எல்லாரையும் இறக்கிவிட்டு நின்றுவிட்டது.

"அவ போன் உன்கிட்ட எப்படி?"

"பையே என்கிட்டதான்க்கா இருக்கு. வெயில்ல காலைலேர்ந்தே மூச்சு வாங்குச்சு அவங்களுக்கு. பைய நான் வச்சுக்கிறேன்னு வாங்கினேன். இன்ஹேலரும் இதுலதான் இருக்கு."

பள்ளிக்கூடத்தில் புழுதிக்காற்று வீசும் நாட்களில் அவளுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். உதடு நீலமாகும்.

"அழாத. யூனிஃபார்ம் போட்ட ரயில்வே ஆள் யாராவது இருக்காங்களா பாரு. ஹிஃப்ஸா போட்டோவைக் காட்டு. லூக்கா, ஆஸ்மா. இந்த ரெண்டு வார்த்தை போதும். லூக்கா ஸ்டேஷனுக்கு அவங்கள விட்டே போன் பண்ணச் சொல்லு. கட் பண்ணிடாத, நான் இருக்கேன்."

அவள் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ இத்தாலிய மொழியில் கத்தினார்கள். இவள் "ப்ளீஸ், ப்ளீஸ்" என்றாள். நான் இங்கே ஏசியில் உட்கார்ந்துகொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"அக்கா, முக்காடு போட்ட பொண்ணு ஒண்ணு பிளாட்பாரத்துலயே விழுந்துட்டாளாம். ஆம்புலன்ஸ்ல கொண்டு போயிட்டாங்களாம்."

அவளுக்கு டாக்சி கிடைக்கும்வரை, பிறகு லூக்கா வரை வழி முழுக்க, அவளோடு பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அந்த போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

நான்தான். நான் ஒரு வரி அனுப்பியிருந்தா… ஒரு வரி.

ஜூலை 12, சனி

மூச்சு சரியாகிவிட்டது. ஆக்சிஜன் எடுத்துவிட்டார்களாம். கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிற போட்டோவை நாகவள்ளி அனுப்பினாள். பெருவிரலை உயர்த்திக் காட்டுகிறாள் ஹிஃப்ஸா. பார்த்துவிட்டு அழுதேன்.

ஜூலை 13, ஞாயிறு

நாகவள்ளியின் வாய்ஸ் மெசேஜ்:

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். டிரிப் முழுக்க ஹிஃப்ஸாக்கா எதப் பாத்தாலும் 'சந்தியா இருந்தா இத விடமாட்டா, சந்தியா இருந்தா சிரிப்பா'ன்னே சொல்லிட்டு இருந்தாங்க. எனக்கு உங்க மேல எரிச்சலா வந்துச்சு. ஒரு தடவ ரயில்ல தூங்குற மாதிரி கண்ண மூடிக்கிட்டேன், அந்தப் பேச்சக் கேக்கக் கூடாதுன்னு. அந்தத் துப்பட்டாவக்கூட நானேதான் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டேன். மன்னிச்சுக்கங்கக்கா."

யார் யாரை மன்னிப்பது?

ஜூலை 16, புதன்

வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். எனக்கு ஒரு பச்சை ஸ்வெட்டர் வாங்கி வந்திருக்கிறாள். ஷார்ஜாவில் ஸ்வெட்டர்! இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் கேட்டாள்.

"ஸ்டிரைக்னு உனக்குத் தெரியாமலா இருந்துச்சு? நீதான் தினமும் பாப்பியே."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

"தெரியும்."

"எப்போ?"

"புதன்கிழமையே."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "நான் உன்னயத்தான் நெனச்சேன்டி அந்தப் பிளாட்பாரத்துல. மூச்சு முட்டுறப்போ, இப்போ சந்தியா பக்கத்துல இருந்தா போதும்னு நெனச்சேன்" என்றாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பள்ளி திறந்தது. பஸ்ஸில் நாகவள்ளி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள் ஹிஃப்ஸா. நான் டிரைவருக்குப் பின்னால்.

இப்போது பொறாமைப்படக்கூட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் படுகிறேன்.

அக்டோபர் 17, வெள்ளி

ஹிஃப்ஸாவுக்கு தோஹாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. என்னிடம் பிரின்சிபால்தான் சொன்னார். அவள் சொல்லவில்லை, என்னிடம்! ஒரே சமையலறையில் சமைக்கிறோம்.

நவம்பர் 1, சனி

இன்று கிளம்பினாள். ஏர்போர்ட்டில் நாகவள்ளியைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். என்னிடம் வந்தபோது கையைப் பிடித்து, "ஏசிக்காரன் திங்கக்கிழம வருவான், வீட்ல இரு" என்றாள். அவ்வளவுதான்.

திரும்பும் டாக்சியில் நாகவள்ளி, "அக்கா, அந்த ரூம் காலியாத்தானே இருக்கும்? நான் வந்துடவா?" என்றாள்.

"அதுக்கு முன்னாடி உனக்கு ஒண்ணு தெரியணும்" என்று ஆரம்பித்தேன்.

"ஸ்டிரைக்தானே? ஆஸ்பத்திரியிலயே ஹிஃப்ஸாக்கா சொன்னாங்க, 'சந்தியாவுக்குத் தெரிஞ்சிருக்கும்'னு. எனக்கும் அப்போ ஆத்திரம்தான். ஆனா அன்னைக்கு டாக்சில அவ்ளோ நேரமும் என்கூடவே பேசிட்டு வந்தது நீங்கதானேக்கா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் 24, திங்கள்

நாகவள்ளி வந்து இரண்டு வாரமாகிறது. சாம்பாரில் வெல்லம் போடுகிறாள். ராத்திரி பயங்கரமாகக் குறட்டை விடுகிறாள். சுவர் தாண்டிக் கேட்கிறது.

தினமும் சாயங்காலம் தோஹாவோடு பேசுகிறாள். கதவைத் திறந்து வைத்துத்தான் பேசுகிறாள். நான் சமையலறையில் குழாயை வேகமாகத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பேன். ஹிஃப்ஸாவின் சிரிப்பு அதையும் மீறிக் கேட்கும். இன்னும் குத்துகிறது. குத்தட்டும்.

இன்று நான் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே நாகவள்ளி வந்து என் காதில் போனை வைத்துவிட்டாள். என் கை முழுக்க சோப்பு நுரை. தள்ளிவிட முடியவில்லை.

அந்தப் பக்கம் ஹிஃப்ஸா கேட்டாள்.

"என்னடி, இவ குறட்ட எப்படி இருக்கு?"

"தாங்கல" என்றேன்.

அதற்குமேல் என்ன பேசுவதென்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் இருவருமே போனை வைக்கவில்லை. நாகவள்ளி எட்டிக் குழாயை மூடினாள்.