துவைக்காத திரை

அன்பு மகள் சிட்டுவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் தம்பியும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் எப்போதும் போல அதன் இஷ்டத்துக்கு நடக்கிறது. உன் தலைசுற்றல் விட்டிருக்கும், கை நடுக்கம் குறைந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். விசாரணையில் ஜெயித்துவிட்டோம் என்று நேற்றே போனில் சொன்னேன்தான், ஆனால் நீ அங்கே அழ, நான் இங்கே அழ, நடுவில் அப்பா போனைப் பிடுங்கி ஹலோ ஹலோ என்று கத்த, ஒரு விஷயத்தையும் உருப்படியாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் கடிதம். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

உன்னிடம் சொல்லக் கூசிய ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் விமானக் கம்பெனிச் சலவைக்கூடத்துக்கு வரும் மூட்டைகளில் விமானத்தின் நம்பர் சீட்டைக் கட்டி அனுப்புவார்கள் அல்லவா, அதில் நாற்பத்தேழாம் எண் மூட்டையை அவிழ்த்தாலே ஏழெட்டு மாதமாக ஈர சாக்ஸ் நாற்றம் குப்பென்று அடிக்கும். நம்பரை யாரும் சொல்வதில்லை, "சாக்ஸ்காரி வந்துட்டாடி" என்றுதான் சொல்வோம், அந்தப் பெயரை வைத்ததே நான்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்போம். நீயோ அதே கம்பெனியில் விமானப் பணிப்பெண்ணாகக் கடல் தாண்டிய ஊரில் இருந்துகொண்டு, பறந்துவிட்டு வந்தால் தலை சுற்றுகிறது, கோப்பையைப் பிடிக்கக் கை நடுங்குகிறது, பேச வாயெடுத்தால் சொல் கிடைக்கவில்லை என்று வாரா வாரம் அழுதாய். கம்பெனி டாக்டர் பதற்ற நோய் என்று எழுதிக் கொடுத்தார், நானும் அதை நம்பி மனசைத் திடமா வச்சுக்கோ என்று உனக்குப் புத்தி சொன்னேன். உன் சித்தி ஒரு படி மேலே போய், கல்யாணம் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள். பிறகு ஒரு நாள் நீ, "கிளம்பும்போதெல்லாம் ஈர சாக்ஸ் நாத்தம் வருதும்மா, எழுதிக் கொடுத்தாலும் யாரும் கண்டுக்க மாட்டேங்கிறாங்க" என்றாய். எந்த விமானம் என்று கேட்டேன், நாற்பத்தேழு என்றாய். நான் பெயர் வைத்துச் சிரித்த நாற்றத்தை என் பிள்ளை மூச்சாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உன்னை வேலைக்குத் தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்ப விசாரணை வைத்தார்கள் அல்லவா, அந்தக் கடிதம் உனக்கு வந்த வாரமே சாக்ஸ்காரியின் மூட்டை எனக்கு வந்தது. அதற்குள், விமானத்தில் சமையல் பகுதியை ஒட்டி நீங்கள் உட்காரும் இடத்தில், காற்று வரும் துளைக்குக் கீழே தொங்கும் திரை இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் கைக்கு வந்த ஒரு துணியையும் நான் அழுக்கோடு விட்டதில்லை, அன்று விட்டேன். தடித்த பையில் போட்டு வாயை இறுக்கி ஒட்டினேன். மேற்பார்வையாளர் வந்து, "துவைக்கிறதுதான் உன் வேலை, உனக்கென்ன பைத்தியமா" என்று குதித்தார். "துவைச்சா என் பொண்ணு சொன்னது பொய்யாப் போயிடும் சார்" என்றேன். அவர் பேனாவை எடுத்துப் பையின் மேல் தேதி போட்டுத் தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார். அவரைச் சிடுமூஞ்சி என்று உன்னிடம் எத்தனை முறை திட்டியிருப்பேன், அத்தனையும் வாபஸ். உங்கள் ஊழியர் சங்கத்து வக்கீல்தான் அந்தப் பையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்.

இப்போது உன்னைப் பார்க்கும் டாக்டர் பறக்கக் கூடாது என்று சொன்னதால் நீ விசாரணைக்கு வர முடியவில்லை, வந்திருந்தால் சாட்சி சொன்ன உன் அம்மாவைப் பார்த்திருக்கலாம். கம்பெனி வக்கீல் எழுந்து, சமையல் பகுதித் திரையென்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கத்தானே செய்யும், துணி துவைக்கிற அம்மாவுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எஞ்சின் தெரியாதுங்க, அழுக்கு தெரியும். சமையல் எண்ணெய் சுடுதண்ணியில ரெண்டாவது அலசலுக்கே விட்டுடும், இந்த விமானத்துப் பிசுக்கு நாலு தடவை போட்டாலும் விடாது. அதுவும் போக, விமானத்துல யாருங்க அடுப்பு மூட்டிப் பொரிக்கிறாங்க, சூடு பண்ணித்தானே கொடுக்கிறாங்க" என்றேன். அறையே சிரித்தது, விசாரணையை நடத்திய அதிகாரி கூடத் தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பின் ஆய்வுக்கூடத்துக்காரர் எழுந்து, திரையில் இருப்பது எஞ்சின் எண்ணெய் என்று அடித்துச் சொன்னார். விமானத்துக்குள் விடும் காற்றை எஞ்சின் வழியாகத்தான் எடுக்கிறார்களாம், எண்ணெயைத் தடுத்து வைக்கும் வளையம் தேய்ந்தால் அதன் புகையும் காற்றோடு சேர்ந்து உள்ளே வருமாம். சங்கம் கேட்டதால் அந்த எஞ்சினை முன்பே பிரித்துப் பார்த்திருந்தார்கள், வளையம் தேய்ந்துதான் கிடந்ததாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர்கள் காகிதங்களை அள்ளிப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தார்கள்.

உன் நோய் வேலையால் வந்தது, பதற்ற நோய் என்று எழுதியதை அடித்துவிட வேண்டும், குணமாகும் வரை வைத்தியமும் சம்பளமும் கம்பெனி பொறுப்பு, அதே ரக விமானங்கள் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும் என்று தீர்ப்பை வரி வரியாகப் படித்தார்கள். உன்னோடு சேர்ந்து பதினொரு பேருக்கு இப்படி எழுதியிருந்தார்களாம், அத்தனை பேர் ஃபைலையும் மறுபடி திறக்கச் சொல்லிவிட்டார்கள். வெளியே பெஞ்சில் இருந்த அப்பா விஷயம் கேட்டதும் வாசல் காவலாளியைக் கட்டிப்பிடித்துவிட்டார், அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். சாக்ஸ்காரியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்கள். உன் சித்தி, நான் அப்பவே சொன்னேன் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், என்ன சொன்னாள் என்று நமக்கல்லவா தெரியும்.

வைத்தியத்தைப் பாதியில் விடாதே, ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளை மறக்காதே. நோய் நொடியில்லாமல், நினைத்ததைத் தடுமாறாமல் பேசி, நூறு வயது நன்றாக இரு. மறுபடி பறப்பதா வேண்டாமா என்பது உன் முடிவு, நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். உன் உடம்பு ஒன்று சொல்லி ஊரே வேறு சொன்னால், உடம்பு சொல்வதையே கேள். அந்த ஊரில் ஒருத்தியாக நானே நின்றாலும் என் பேச்சைக் கேட்காதே.

இப்படிக்கு,
உன்னை நம்ப ஏழு மாதம் எடுத்துக்கொண்ட
அம்மா