குழாய் வாயைக் கட்டச் சொன்னது யார்

ஐப்பசி 11, செவ்வாய். காலையில் தூறல்.

உறுதியானது: அடி அண்ணாமலைக்குப் பின்னால் உள்ள கழிவுநீர்க் குட்டையில், அடியில் விரித்த கருப்பு பிளாஸ்டிக் ஷீட் இரண்டு இடத்தில் எழும்பித் தண்ணீருக்கு மேலே தெரிகிறது. சொன்னவர் உதவிப் பொறியாளர். போய்ப் பார்த்தேன். எருமை முதுகு போல.

காரணம், அவர் சொன்னபடி: ஷீட்டுக்குக் கீழே பழைய எருக்குழி மண். அது மட்கி வாயு. வாயு வெளியேற அடியில் துளையிட்ட குழாய்கள். கரைமேல் ஏழு வாய்கள், எப்போதும் திறந்திருக்க வேண்டியவை. ஏழிலும் பாலித்தீன் பை, சணல் கட்டு. பௌர்ணமிக்கு முதல் நாள் கட்டியது.

கட்டியவர் பம்ப் ஆபரேட்டர் பாஷா. ஒப்பந்த வேலை. "சூப்பர்வைசர் கட்டச் சொன்னாரு சார். கிரிவலக் கூட்டம் போனதும் சொல்றேன், அப்ப அவுத்துடுன்னாரு. சொல்லவே இல்ல."

சூப்பர்வைசர்: "நான் எங்க சொன்னேன்? அவனா கட்டிட்டான்."

டீக்கடையில் ஒருவர்: "நாத்தம்னு பேப்பர்ல போட்டீங்க சார். இப்ப குட்டைக்கே வயிறு உப்பிப் போச்சு." எல்லோரும் சிரிப்பு. போன மாதம் கிரிவலப் பாதையில் துர்நாற்றம் என்று எழுதியது நான்தான்.

பிரஷர் மாத்திரை தீர்ந்தது. வாங்க வேண்டும்.

12, புதன். நல்ல வெயில்.

பைகளை அவிழ்த்தார்கள். வாயு தீப்பிடிக்கும் என்று கரையில் பீடிக்குத் தடை. மாலைக்குள் ஒரு மேடு இறங்கியது, மற்றது இல்லை. சூப்பர்வைசர் பாஷாவிடம், "பிளேடால ஒரு கீறு கீறுய்யா, காத்து போயிடும்."

"காத்து மட்டுமா போவும்? கழிவு மண்ணுல எறங்கும். அந்தாண்ட கிணத்துத் தண்ணிதான் எங்க வீட்ல குடிக்கிறோம். நான் மாட்டேங்க."

பொறியாளரும் கீறக் கூடாது என்றார். இறங்காத மேட்டுப் பக்கக் குழாயில் சேறு அடைப்பாம்.

ஆறு மணிக்கு பாஷாவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, நாளை வர வேண்டாம் என்றிருக்கிறார்கள்.

13, வியாழன். மூட்டம். முழங்கால் வலி.

பழைய குறிப்பு நோட்டைப் புரட்டினேன். பௌர்ணமிக்கு முதல் நாள், மாலை 4.20, போனில் சூப்பர்வைசர்: "பைப் வாயெல்லாம் கட்டச் சொல்லிட்டேன் சார். நாளைக்கு நாத்தம் கம்மியா இருக்கும், பாருங்க." என் கையெழுத்து. மறந்தே போயிருந்தேன். கட்டினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. நாற்றம் நின்றால் சரி என்று விட்டிருக்கிறேன்.

அவரைப் போனில் அழைத்து வாசித்துக் காட்டினேன்.

"சும்மா பேச்சுக்குச் சொன்னது சார். போட்டுடாதீங்க, புள்ளகுட்டிக்காரன்."

பாஷாவுக்கும் இரண்டு பிள்ளைகள் என்றேன். வைத்துவிட்டார்.

14, வெள்ளி. மழை.

செய்தி வந்தது, மூன்றாம் பக்கம். என் துர்நாற்றச் செய்திக்குப் பிறகே குழாய்களைக் கட்டினார்கள் என்ற வரியை டெஸ்க்கில் எடுக்கப் பார்த்தார்கள். விடவில்லை. நோட்டுப் பக்கத்தின் நகலை, கையெழுத்திட்டு, பொறியாளரிடம் கொடுத்தேன்.

பாஷா போன். "படிச்சேன் சார். வேலை கெடைக்குமா?"

தெரியாது என்றேன். அதுதான் உண்மை.

நிலுவை: குழாய் அடைப்பு எடுப்பது, நாளை, மழை விட்டால். குழாய் வாயைக் கட்டியதாகப் பாஷா மீதான விசாரணை, திங்கள் காலை 11 மணி. சாட்சியாக என்னையும் அழைத்திருக்கிறார்கள்.