ஒரு மா சம்பங்கி

திருக்காட்டுப்பள்ளி அருகில்,
26.11.2003

அன்பு மகள் செவ்வந்திக்கு,

அப்பா கோவிந்தராசு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் பெரியம்மாவும் புதிதாகக் கன்று போட்ட பசுவும் சுகம். நீயும் உன் ரோஜாக்களும் ஓசூரில் சுகமா என்று எழுது. முதலில் உன் சுகத்தை எழுதிவிட்டு அப்புறம் ரோஜாவுக்கு வா. போன கடிதத்தில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் செடிக்கு எவ்வளவு சூடு வேண்டும், எவ்வளவு ஈரம் வேண்டும், என்ன சீக்கு வரும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தாய், உனக்குப் பிடித்திருந்த சளி விட்டதா இல்லையா என்று ஒரு வரி இல்லை. அம்மா அதை என்னிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "செடிக்கு வந்த சீக்கையெல்லாம் எழுதுறா, அவ நேரத்துக்குச் சாப்பிட்டாளான்னு எழுத மாட்டேங்குறா" என்று என்மேல் கோபித்துக்கொண்டாள். எழுதியது நீ, திட்டு வாங்கியது நான். இந்த வீட்டில் இது புதிதில்லை.

ஊர் சேதி என்றால், இந்த வருஷமும் குறுவை போயிற்று. மேட்டூரைப் புரட்டாசி பாதிக்கு மேல்தான் திறந்தார்கள், வந்த தண்ணீரில் சம்பாவை எப்படியோ நட்டுவிட்டோம், இப்போது பயிர் மழையைக் குடித்துப் பச்சை கட்டி நிற்கிறது. டீக்கடையில் ஒரு கட்சிக்காரர் எங்கள் ஆட்சியில்தான் தண்ணீர் வந்தது என்கிறார், இன்னொரு கட்சிக்காரர் எங்கள் ஆட்சியாக இருந்தால் முன்னாலேயே வந்திருக்கும் என்கிறார், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பேப்பரைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டுதான் இந்தச் சண்டை. உன் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? ஆப்பிரிக்காவிலிருந்து மலிவாக ரோஜா போக ஆரம்பித்ததில் உங்கள் பண்ணைக்கு வெளிநாட்டு ஆர்டர் குறைந்துவிட்டது, ஆட்களைக் குறைக்கிறார்கள், இனிமேல் உள்ளூர்க் கல்யாண மேடையை நம்பித்தான் பூ வளர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். பிப்ரவரி மாதத்தில் வெள்ளைக்காரனுக்குக் காதல் வராவிட்டால் உனக்கு வேலை இல்லை, கர்நாடகத்தில் மழை வராவிட்டால் எனக்கு வேலை இல்லை. அப்பனுக்கும் மகளுக்கும் பிழைப்பு நன்றாகத்தான் அமைந்திருக்கிறது.

சரி, நீ எதைத் தெரிந்துகொள்ளத் தவிக்கிறாய் என்று எனக்குத் தெரியும், அதற்கு வருகிறேன். வேலையை விட்டுவிட்டு வந்து நம் படுகை நிலத்தில் தண்டோடு வெட்டி விற்கிற பூ போடுகிறேன் என்று நீ இரண்டு வருஷமாகக் கேட்டாய், நானும் இரண்டு வருஷமாக முடியாது என்றேன். கூலிக்கு நின்ற குடும்பம் நாம். உச்சவரம்புச் சட்டத்தில் மிராசிடமிருந்து எடுத்த நிலத்துக்குப் பட்டா கேட்டுச் சங்கக் கொடி பிடித்துப் போன இடத்தில் உன் பெரியப்பா மருதையன் அடிபட்டுச் செத்தார், அவர் கண் மூடிய பிறகுதான் பட்டா வந்தது. அப்படி வந்த மண்ணில் நெல்லை விட்டுவிட்டு எவன் வீட்டு மேடைக்கோ பூ வளர்ப்பதா என்பது என் கட்சி. அம்மா நடுவில் விழுந்து பஞ்சாயத்து பண்ணியதில்தான் ஆனி மாதம் அதில் ஒரு மா நிலம் மட்டும் உனக்குக் கொடுத்தேன். நீயும் லீவு போட்டு வந்து அடுக்குச் சம்பங்கிக் கிழங்கை நட்டுவிட்டுப் போனாய். முதல் பூ மேடை அலங்காரக்காரரிடம் விலை போனால் படுகை முழுவதும் உனக்கு, போகாவிட்டால் தை மாதம் கிழங்கைப் பிடுங்கிவிட்டு உளுந்து தெளிப்பேன், அப்புறம் நீ பூப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று நாம் பேசிக்கொண்டதை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை.

பூ என்னமோ அமோகமாகத்தான் வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். இடுப்பு உயரத்துக்குத் தண்டு, ஆற்றங்கரை வரைக்கும் வாசனை. நீ கடைக்குப் போன் போட்டு, அடியில் இரண்டு பூ விரிந்ததும் அறுத்துவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாய் அல்லவா, இரண்டு பூவுக்கு யாராவது கூடையைத் தூக்குவார்களா என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாதிக்கு மேல் விரியட்டும் என்று விட்டுவைத்தாள். நீ ஏற்பாடு செய்த தஞ்சாவூர் மேடை அலங்காரக்காரர் ஜெய்னுலாபுதீன் பாய் திங்கட்கிழமை வேன் கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு விடியற்காலையில் உன் அம்மா தெருப் பெண்களை அழைத்துக்கொண்டு போய், நம் பக்கத்தில் சம்பங்கியை எப்படிப் பறிப்பார்களோ அப்படியே, விரிந்தது விரியப்போவது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கூடை கூடையாக நிரப்பி ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிட்டாள். நான் பக்கத்தில் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் வேண்டுமென்றே விட்டேன் என்று சொல்வாய். பாய் வேனை விட்டு இறங்கியவர் வயலைப் பார்த்து, "என்னண்ணே, பூவெல்லாம் எங்க போச்சு, வெறும் தண்டுல்ல நிக்குது" என்றார். உன் அம்மா பெருமையாகத் துணியை விலக்கி, "ஒரு காம்புகூட இல்லாம சுத்தமா கிள்ளியிருக்கோம் பாருங்க" என்றாள். மனுஷர் வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், "அக்கா, எனக்கு அந்தக் காம்புதான் வேணும்" என்றார். காம்போடு வாங்கிக்கொண்டு போய் யார் தலையில் வைப்பது என்று அம்மா விடாமல் கேட்க, இப்போது காதுகுத்துக்குக்கூட மேடையில் பூ நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று கேட்கிறார்கள், இந்தத் தண்டுக்காகத்தான் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் பூ வரவழைக்கிறேன் என்று பாவம் பொறுமையாகச் சொன்னார். கிள்ளிய பூ அவருக்கு ஆகாது. வெறும் வேனோடு திரும்பிப் போனார்.

வேன் திரும்பியபோது நான் ஜெயித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது உண்மைதான், உன்னிடம் மறைப்பானேன். வரப்பில் உட்கார்ந்திருந்த உன் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. "எம் பொண்ணு வீட்டுக்கு வர்ற வழிய நானே கிள்ளிப்புட்டேனே" என்று அழுதாள். தெருவே சிரித்தால்கூடப் பதிலுக்குச் சிரிக்கிறவள் அவள், அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் உன் பெரியப்பா நினைவு நாள். பூவை வீணாக்குவானேன் என்று பெரியம்மாவும் அம்மாவும் உட்கார்ந்து மாலையாகத் தொடுத்துவிட்டார்கள், ஆள் உயரத்துக்கு. வருஷா வருஷம் சங்கக் கொடிமரத்தடியில் அவர் பெயர் வெட்டிய கல்லுக்கு நான் கடைத்தெருவில் வாங்கிவந்த மாலையைத்தான் போடுவோம். அவர் உயிரைக் கொடுத்து வாங்கிய மண்ணிலிருந்து அவருக்கென்று ஒன்றும் இதுவரை போனதில்லை என்பது, உன் பெரியம்மா அந்த மாலையைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. மாலையைக் கல்லுக்குப் போட்டார். அப்புறம் திரும்பி எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்து, "தம்பி, உங்க அண்ணன் நெல்லு போடணும்னா நெலம் கேட்டாரு? மிராசு காலத்துலயும் நாம நெல்லுதான் போட்டோம். என்னா போடுறதுன்னு நாமளே சொல்லணும்னுதான் கேட்டாரு. அவரு பேரச் சொல்லி அந்தப் பொண்ண மறிக்காதீங்க" என்றார். எத்தனையோ கூட்டத்தில் மைக்கைப் பிடித்தவன் நான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஊர் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று நின்றேன்.

ஆகவே மகளே, பேசியபடி பார்த்தால் பந்தயத்தில் நீ தோற்றுவிட்டாய், அதை ஒழுங்காக ஒப்புக்கொள். தோற்றவளுக்குத்தான் நிலம் என்று நான் முடிவு செய்திருக்கிறேன். படுகை முழுவதும் உனக்கு. வாய்க்காலை ஒட்டிய பள்ள வயல் மட்டும் எனக்கும் நெல்லுக்கும், அந்தப் பக்கம் கிழங்கோடு வந்தால் காலை உடைப்பேன். சம்பங்கியில் பக்கத்திலிருந்து புதுத் தண்டுகள் கிளம்பிவிட்டன, பாயிடம் போனில் பேசிவிட்டேன், மறுபடி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். உன் அம்மா இப்போது யாரையும் வயலில் இறங்க விடுவதில்லை, நான் குனிந்து மோந்து பார்த்தால்கூட "கையைக் கட்டிக்கிட்டுப் பாருங்க" என்கிறாள்.

வேலையை விடுவதாக இருந்தால் சண்டை போடாமல், சொல்லிக்கொண்டு மரியாதையாக விட்டு வா. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காராதே, சளி திரும்பும். எங்கள் எல்லோருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, போகிற இடமெல்லாம் நீ தலை நிமிர்ந்து இருக்க வேண்டும். பொங்கலுக்கு முன்னால் வந்து சேர், வரும்போது தண்டு வெட்டுகிற நல்ல கத்தரிக்கோலாக இரண்டு கொண்டு வா, ஒன்று எனக்கு. ஒன்றை மட்டும் மறக்காதே. எவ்வளவு பூ போட்டாலும் ஒரு வரிசையைப் பெரியப்பாவுக்கு என்று விட்டுவிடு. அதை உன் அம்மா அவள் இஷ்டம்போல் கிள்ளிக்கொள்ளட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா,
கோவிந்தராசு